ஒரே சுவிட்ச்

என் மீன்களைக் கொன்றது என் நாத்தனாரின் பாசம். பாசத்தோடு சண்டை போட முடியாது என்பதால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

ஹாலில் மீன் தொட்டி, பக்கத்திலேயே டிவி. சீரியல் தொடங்கியதும் அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, தொட்டியின் காற்று பம்பை அணைத்துவிடுவார். அது போடும் சத்தத்தில் வசனம் காதில் விழவில்லையாம். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மூச்சு முட்டி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். உடனே அண்ணிக்கு மனசு இளகிவிடும்.

"பாரு, என்னைப் பாத்து சாப்பாடு கேக்குதுங்க!" என்று தீனியை அள்ளிப் போடுவார். மிச்சம் அடியில் கிடந்து அழுகும். அழுகும் தீனி, தண்ணீரில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனையும் தின்றுவிடும். இரண்டு மீன்கள் செத்தே போயின.

"உனக்கு வளக்கத் தெரியல. ஞாயித்துக்கிழமை கடைக்காரர் வந்து தொட்டியத் தூக்கிட்டுப் போகட்டும்" என்று என் கணவர் தீர்ப்பு சொன்னார்.

எனக்கா தெரியாது? ஆக்ஸிஜன் அளக்கும் மருந்து வாங்கி வந்தேன். சின்னக் குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி, ஒரு குமிழ்கூட நுழையாமல் நிரப்பி, சொட்டு விட வேண்டும். நிறம் அடர்ந்தால் ஆக்ஸிஜன் இருக்கிறது, வெளுத்தால் குறைவு. ஞாயிறு காலை சீரியலுக்கு முன்னால் ஒரு குப்பி, முடிந்ததும் ஒரு குப்பி பிடித்தேன்.

கடைக்காரர் வாளியோடு வந்தபோது இரண்டையும் மேசையில் வைத்தேன். ஒன்று நல்ல அடர்த்தி. மற்றது வெளிறிக் கிடந்தது.

"ரெண்டும் ஒரே தண்ணியா?" என்றார் கணவர்.

"ஒரே தண்ணிதான். நடுவுல அண்ணியோட சீரியல் ஓடுச்சு."

"ஏன்டி, பசிக்குதேன்னு போட்டது தப்பா?" என்றார் அண்ணி.

"அது பசி இல்ல அண்ணி, மூச்சுத் திணறல். உங்க மூக்கப் பொத்திக்கிட்டு வாயில சோத்தத் திணிச்சா எப்படி இருக்கும்?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கணவர் என்னைப் பார்க்காமலே, "நீங்க எடுத்துக்குங்க. வீட்டுல சண்டை வேணாம்" என்றார்.

சண்டை வேண்டாமாம்! தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"வாளியக் கீழ வைக்காதீங்கண்ணே. இது எங்கயும் போகாது."

அவர் வெறும் வாளியோடு படியிறங்கினார். சத்தம் குறைய பம்புக்கு அடியில் துணியை மடித்து வைத்தேன். பிறகு டிவி மேசைக்குப் பின்னால், அண்ணியின் முட்டிவலி குனிய விடாத மூலையில், பம்பையும் டிவியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினேன். பெட்டியின் வயரை மட்டும் அவர் கைக்கெட்டும் சுவர் பிளக்கில் மாட்டினேன். இனி இரண்டுக்கும் இருப்பது அந்த ஒரே சுவிட்ச்.

சாயங்காலம் அடுத்த சீரியல் தொடங்கியது. பழக்கதோஷத்தில் அண்ணி சுவிட்சைத் தட்டினார். கதாநாயகி பாதி அழுகையில் காணாமல் போனாள்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல அண்ணி. இனிமே அதுங்களுக்கு மூச்சு நின்னா உங்க சீரியலும் நிக்கும்."

அண்ணி என்னை முறைத்தார். தம்பி பக்கம் திரும்பினார். தம்பி செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

அண்ணியே சுவிட்சைப் போட்டார். டிவி சத்தத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.