வெளிநாட்டு அத்தை

“அக்கா, உள்ள என்ன பண்றே?”

தம்பி குளியலறைக் கதவை மறுபடி தட்டினான். அவன் மனைவி ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம்.

“குளிக்கிறேன்டா.”

“ஒரு மணி நேரமாவா?”

“அங்க கதவே கிடையாது. எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு ஹோஸ்ல தண்ணி அடிப்பாங்க. இங்க தாழ்ப்பாள் வேற இருக்கு. கொஞ்சம் அனுபவிக்க விடேன்.”

‘அங்க’ என்றால் மனநலக் காப்பகம். தம்பிதான் கொண்டுபோய்ச் சேர்த்தான். நோய் தணிந்துவிட்டது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலேயே இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியே இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் சேர்த்தவரே வந்து அழைத்துப்போனால்தான் அங்கே கேட் திறக்கும். தம்பிக்கோ, முதலில் மகள் கல்யாணம் முடியட்டும் என்று ஒரு சாக்கு. அக்கா வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள் என்று எல்லோரிடமும் அளந்து வைத்திருந்தான். “அப்படியா, அவங்களையும் பார்த்துட்டா நல்லாருக்கும்” என்று மாப்பிள்ளையின் அம்மா ஆசைப்பட்டுவிட, வேறு வழியில்லாமல் ஒரே ஒரு நாளைக்கு அழைத்து வந்திருக்கிறான். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட்டாக வேண்டும்.

அக்கா வெளியே வந்ததும் தம்பி மனைவி அவள் தலையில் விக்கை மாட்டினாள். பேன் வரும் என்று காப்பகத்தில் மாதாமாதம் எல்லோருக்கும் ஒட்ட வெட்டிவிடுவார்கள்.

“இறுக்குதும்மா.”

“ரெண்டு மணி நேரம்தானே அண்ணி, பல்லைக் கடிச்சுக்கோங்க.”

“வெளிநாட்டுல இப்படித்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பாங்களா?”

கல்யாணப்பெண் களுக்கென்று சிரித்தாள். அம்மாவின் முறைப்பில் சிரிப்பு அடங்கியது.

மாப்பிள்ளை தன் அப்பா, அம்மாவோடு வந்து சேர்ந்தான். பேச்சு அமர்க்களமாகப் போனது.

“அங்கல்லாம் குளிர் ரொம்பவோ?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

“ஆமாங்க. போர்வை ஒண்ணுதான் தருவாங்க.”

“ஹோட்டல்ல தங்குறப்ப தர்றதைச் சொல்றா,” என்று தம்பி இடையில் பாய்ந்தான்.

விக்கின் இறுக்கத்தில் அக்காவுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. அவள் நெற்றியைப் பிடிப்பதைப் பார்த்து, மாப்பிள்ளையின் அம்மா கைப்பையிலிருந்து ஒரு தலைவலி மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். அக்கா அதை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். குடித்த கையோடு அந்த அம்மாள் முகத்துக்கு நேரே வாயை ஆவென்று திறந்தாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள். வலப்பக்கம், இடப்பக்கம் என்று கன்னத்தை இழுத்தும் காட்டினாள்.

காப்பகத்தில் மாத்திரை கொடுத்தவரிடம், விழுங்கியாயிற்று என்று அப்படிக் காட்டாமல் நகர முடியாது.

தம்பிக்கு வேர்த்துவிட்டது. “அது… அக்கா எப்பவுமே கொஞ்சம் விளையாட்டு…”

“எங்க அண்ணனும் இப்படித்தான் காட்டுவான்,” என்றான் மாப்பிள்ளை.

அவன் அப்பா பதறினார். “டேய், அண்ணன்தான் வெளிநாட்டுல…”

“போதும்ப்பா. இவங்களும் அதே வெளிநாடுதான்.”

மாப்பிள்ளையின் அப்பா மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் வருத்தத்தைக் காணோம். பெரிய நிம்மதிதான் இருந்தது.

“அப்போ உங்களுக்கும் எங்களுக்கும் சரியாப் போச்சு சம்பந்தி. ரெண்டு பேருக்கும் லீவு கிடைக்கலைன்னு கல்யாணத்துல சொல்லிடலாம்.”

“அதாங்க எல்லாருக்கும் மரியாதை,” என்றான் தம்பி, போன உயிர் திரும்பியவனாக. “உங்க பையன் இருக்கிற இடம் வசதியா?”

“ரொம்ப நல்ல இடம். கட்டிப் போடுறதெல்லாம் ராத்திரி மட்டும்தான்.”

அக்கா விக்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். தலையைச் சுகமாகச் சொறிந்துகொண்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

“உங்கண்ணனைக் கடைசியா எப்போ பார்த்தீங்க தம்பி?”

மாப்பிள்ளை தலைகுனிந்தான். “ரொம்ப நாளாச்சுங்க.”

“இருட்டுறதுக்கு முன்னாடி போனா பார்க்க விடுவாங்க. நானும் வரேன், கிளம்புங்க.”

“நானும் வரேன் அத்தை,” என்று எழுந்தாள் கல்யாணப்பெண்.

தம்பி பதறிப்போய் வழியை மறித்தான். “அக்கா, உன்னைக் கொண்டுபோய் விடணுமே. அங்க தேடுவாங்க.”

“தேடினா, வீட்டுல இருக்கேன்னு சொல்லு.”

செருப்பை மாட்டிக்கொண்டே, சமையலறைப் பக்கம் போயிருந்த தம்பி மனைவிக்குக் குரல் கொடுத்தாள் அக்கா.

“ஏம்மா, ராத்திரிக்கு எனக்கும் சேர்த்துச் சமைச்சுடு.”