ஹாருவான் சூப்புக்குப் பிறகு

1
இந்தக் கதை ஒரே ஒருவருக்காகத் தொடங்கியது. என் மாமியார், நவமணி அத்தை. தன் மகளை, என் மனைவி தனலெட்சுமியை, தன் சூப்தான் கொன்றது என்று அவர் நம்புகிறார். அன்றிலிருந்து அடுப்பைத் தொடவில்லை. தேநீரில் பிஸ்கட்டை நனைத்து உயிர் வாழ்கிறார். அவர் நம்பிக்கை உடையும் வரை இதைத் திருத்தி எழுதுவேன்.

2
முதல் வாக்கியம்: 1986இல், பாயான் பாருவில், தொழிற்சாலைக்குப் போகும் வழியில் ஒரு லோரி தனத்தைக் கொன்றது.

[இந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். லோரி அவள் இடுப்பெலும்பையும் தொடையையும் உடைத்தது, அவ்வளவுதான். அறுவை முடிந்து அவள் பேசினாள். "சூப்பர்வைசர்கிட்ட சொல்லியாச்சா? இல்லேன்னா சம்பளத்துல கை வச்சிருவான்லா."]

3
அறுவைக் காயம் ஆற ஹாருவான் சூப் கொடுப்பது இங்கே எல்லாரும் செய்வதுதான். (ஹாருவான் என்பது விரால் மீன்.) அத்தை பாலிக் புலாவ் வரை போய் மீன் வாங்கி, சூப் வைத்து, பிளாஸ்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். தாதி நோர்மாவும் "பாகுஸ், மக்சிக்" (நல்லதும்மா) என்று மலாயில் சொல்லிக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

தனம் குடித்தாள். "உப்பு பத்தலம்மா."

மறுநாள் மூச்சு வாங்கியது. நுரையீரல். பிறகு சிறுநீரகம். பிறகு ஈரல். கடைசியாக அவள்

[இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

4
தனத்துக்குச் சிகிச்சை தந்த டாக்டர் ஆனந்தராஜாவை முந்தைய பிரதியில் கதைக்காகப் பொறுமைசாலி ஆக்கியிருந்தேன். நிஜத்தில் நின்றபடியே சொன்னார்: கிருமி எதுவும் கிடைக்கவில்லை. உடைந்த எலும்பும் நசுங்கிய தசையும் கிளப்பிய அழற்சி, காயத்தோடு நிற்கவில்லை. ரத்தத்தில் பரவி, அடிபடாத உறுப்புகளையும் கெடுத்தது. சூப்புக்கு இதில் வேலையே இல்லை.

அத்தைக்கு அதை நான் இப்படிச் சொன்னேன்:

"ஒரு வீட்ல திருடன் பூந்தான் அத்தை. தாமான்ல இருக்குற அக்கம்பக்கமே கட்டையோட ஓடி வந்துச்சு. திருடன் போன பிறகும் நிக்கல. மத்த வீட்டையெல்லாம் அடிச்சு நொறுக்கிருச்சு."

"சூப்பு குடிக்கிற வரைக்கும் நல்லாத்தானே பேசுனா, மாப்ள?"

"கூட்டம் சேர நேரமாகும்லா. லோரி இடிச்சப்பவே கிளம்பிட்டாங்க."

"படிச்சவன் பேச்சு" என்றார். "கேக்க நல்லாருக்கு."

5
முடிவு அ: அத்தை அழுகிறார், நம்புகிறார். [பொய்.]

முடிவு ஆ: கடைசி வரை நம்பவில்லை. [எழுத மறுக்கிறேன்.]

இன்று பாசாரில் ஒரு ஹாருவான் வாங்கினேன். பேசினில் உயிரோடு புரள்கிறது.

"எனக்கு சூப்பு வச்சுக் குடுங்க அத்தை. உங்க கண்ணு முன்னால குடிக்கிறேன்."

அவர் எழுந்து வந்து, பேசினைப் பார்த்தபடி நிற்கிறார். கத்தியையும் உப்பு ஜாடியையும் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டேன். இதற்கு மேல் நான் எழுதினால் அது என் ஆசையாகத்தான் இருக்கும்.

அடுத்த வாக்கியம் உங்களுடையது. உப்பு மட்டும் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்கள்.