மணிக்கு மூன்று பேர்

அந்தப் பிசியோதெரபி நிலையத்தில் போன மாதம் வரை ஆளுக்கு அரை மணி நேரம் என்றிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஒருவரை மட்டும் பார்க்கலாம். காத்திருப்போர் பட்டியல் அனுமார் வாலாக நீண்டதும், மேலாளர் எல்லாரையும் ஹாலுக்கு மாற்றினார். இனி ஒரே நேரத்தில், மணிக்கு மூன்று பேர். அவர்களைப் பார்க்க வேண்டிய பிசியோதெரபிஸ்ட் இவள் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தவர்கள், பக்கவாதத்துக்குப் பின் நடை பழகும் தையல்காரர், மூட்டு மாற்றிக்கொண்ட டீச்சர், தோளில் ஆபரேஷன் முடிந்து கழுத்துப் பட்டியில் கையைத் தொங்கவிட்டிருந்த லாரி டிரைவர்.

தையல்காரரை இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்து நிற்க வைத்துவிட்டு, டீச்சரின் முழங்காலை மெல்ல மடக்கத் தொடங்கினாள். பாதி மடங்கும்போதே டீச்சர் வலி தாங்காமல் இவள் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, தையல்காரரின் இடது கால் நடுங்குவது கண்ணில் பட்டது. அவர் கூப்பிட மாட்டார். நாலு பேர் முன்னால் உதவி கேட்பதைவிட விழுந்து தொலையலாம் என்று நினைக்கிற மனிதர். பின்னால் நாற்காலி போட மறந்தது அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. முழங்காலைச் சட்டென்று விடவும் முடியாது.

டிரைவர்தான் பாய்ந்தார். பட்டியிலிருந்து கையை உருவி, இரண்டு கையாலும் தையல்காரரை அள்ளிப் பிடித்தார். தையல்காரர் விழவில்லை. டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். மறுநாள் அந்தக் கை எழும்பவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், தைத்த தசைநார் மறுபடி கிழிந்திருந்தது.

இவள் மேலாளரிடம் போய் நின்றாள்.

"பாத்தீங்களா, நாலு பேர் இருந்ததாலதானே அவரைப் பிடிக்க முடிஞ்சுது?" என்றார் அவர். "தனி ரூம்ல என்ன பண்ணியிருப்பீங்க?"

"தனி ரூம்ல நான் அவரை விட்டு நகந்திருக்கவே மாட்டேன், சார்."

டிரைவரின் தோளைப் பற்றிச் சொன்னதற்கு, அவரை யார் ஓடச் சொன்னது என்று கேட்டார். இவள் விடாப்பிடியாக நின்றதில், கடைசியாக ஒன்றுக்கு இறங்கி வந்தார். தையல்காரரைத் தனியாகப் பார்க்கலாம், ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவைதான். மற்றவர்களோடு என்றால் வாரம் மூன்று நாள். எது வேண்டும் என்று இவள் அவரையே கேட்டுச் சொல்லட்டும் என்றார்.

தையல்காரர் யோசிக்கவே இல்லை. "மூணு வாரம் சும்மா கெடந்தா இந்தக் கால் நடக்கறதையே மறந்துடும்மா. எல்லாரோடயும் சேத்தே போடுங்க." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, டிரைவர் தம்பிக்கு மறுபடி ஆபரேஷனா என்று கேட்டார். ஆமாம் என்றாள் இவள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டிரைவரின் இடத்தில் மணிக்கட்டு முறிந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தையல்காரர் கம்பிகளுக்கு நடுவே நின்றார், இந்தத் தடவை பின்னால் நாற்காலி இருந்தது. இவள் டீச்சரின் முழங்காலை மடக்கினாள்; கண் மட்டும் கம்பிப் பக்கமே இருந்தது.

"இங்க பாரும்மா," என்றார் டீச்சர், "உன் கையில இருக்கறது என் கால்."