ஆதரிப்பவர்கள் கை தூக்கவும்

1

இந்தக் கதை ஒரு சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் பிறந்தது. டெக்சாஸில், காப்பெல் ஊரில், ஒரு தமிழ்ச் சங்க விழாவின் சாப்பாட்டு வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண் யாரிடமோ சொன்னார்: "கை தட்டினா போதாதுங்க. கை தூக்கணும்." அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அவர் யார், எதற்குச் சொன்னார், எனக்குத் தெரியாது. காமாக்ஷி என்று நானே பெயர் வைத்தேன். மற்றதெல்லாம் என் கட்டுக்கதை. கீழே வரும் மசோதாவும் அப்படித்தான், இணையத்தில் தேடாதீர்கள்.

2

பர்மாவின் வானம் அன்று ரத்தச் சிவப்பாக—

வேண்டாம். பர்மாவின் வானத்தை நான் பார்த்ததே இல்லை. பார்த்தது காப்பெல் வானம்தான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காமாக்ஷி பிறந்தது பர்மாவில், யாங்கோனில். இப்போது காப்பெலில் மருந்துக்கடை ஒன்றில் மாத்திரை எடுத்துத் தருகிறாள். அங்கேயே தங்கிவிட்ட தம்பி சந்தானம் பள்ளி ஆசிரியர். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஒரு நாள் பள்ளி வாசலிலேயே அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிறையிலிருந்து ஒரே ஒரு முறை பேசினான். "அக்கா, நான் இங்க இருக்கேன்னு யாராவது கேட்டுட்டே இருக்கணும்" என்றான். (அவன் உயிரோடு இருக்கிறானா என்பதை நான் ஒரு வரியில் தீர்மானித்துவிடலாம். அதனால்தான் பயமாக இருக்கிறது.)

அந்த நாட்டில் மக்களாட்சி திரும்ப உதவும் மசோதா ஒன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றத்தில், கிடக்கிறது. கைதிகளை விடுவிக்கச் சொல்லும் பிரிவும் அதில் உண்டு. காப்பெல் தொகுதி உறுப்பினர் அதை ஆதரித்துக் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார். உள்ளூர்ச் சங்கங்கள் ஓட்டெடுத்து எண்ணிக்கையோடு ஆதரவு தெரிவித்தால் போடுவாராம். இதைச் சொன்னவள் அவருடைய உதவியாளர் மாளவிகா. இங்கே பிறந்தவள், தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

3

எனவே காமாக்ஷி, ஓட்டெடுத்து ஒரு ஆதரவுத் தீர்மானம் போடச் சொல்லி, சங்கத் தலைவர் நஞ்சுண்டனிடம் போனாள்.

(முதல் வரைவில் இவருக்குப் பெரிய மீசை வைத்து வில்லனாக்கினேன். பொருந்தவில்லை. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ரசம் கொண்டுபோய்க் கொடுக்கிற மனிதர். நாற்காலியை விட்டு எழுந்திருக்கத்தான் தெரியாது.)

கோவிட் காலத்தில் தள்ளிவைத்த சங்கத் தேர்தல் தள்ளிவைத்தபடியே இருந்தது. கேட்டால், "நிலைமை சீரானதும் நடத்திடலாம்" என்பார். இதே வாக்கியத்தைக் காமாக்ஷி பர்மியத் தொலைக்காட்சியில், சீருடை போட்டவர் வாயால், கேட்டிருக்கிறாள்.

தீர்மானத்துக்காகக் கூட்டிய சங்கக் கூட்டத்துக்கு மாளவிகா வந்தாள். வந்தவளை நம்மவர்கள் சும்மா விடுவார்களா? குத்துவிளக்கு ஏற்ற வைத்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், குழந்தைகளின் நடனம் முழுவதையும் பார்க்க வைத்தார்கள்.* கடைசியில் நஞ்சுண்டன் ஒலிவாங்கியில் முழங்கினார்: "பர்மா தீர்மானத்தைப் பலத்த கரவொலியோட நிறைவேத்திட்டோம்!"

மாளவிகா பொன்னாடைக்குள்ளிருந்து பேனாவை எடுத்தாள். "அங்கிள், ஐ கான்ட் கவுண்ட் கிளாப்ஸ். ஐ நீட் ஹேண்ட்ஸ்."

"இன்னொரு பொன்னாடை போடட்டுமாம்மா?"

"நோ, அங்கிள்."

நஞ்சுண்டன் காமாக்ஷியை ஓரமாக அழைத்துப் போனார். அவருக்கு வியர்த்திருந்தது.

"இன்னிக்கு பர்மாவுக்காக கை தூக்க விட்டா, அடுத்த மாசம் எனக்கு எதிரா தூக்குவாங்கம்மா. ஓட்டுப் போடுறது பழகிடும்."

"பழகட்டுமே அண்ணா. என் ஓட்டு உங்களுக்குத்தான்."

"ப்ராமிஸா?"

"என் தம்பி உள்ள இருக்கான் அண்ணா. நீங்க சேர் போயிடுமோன்னு பயப்படுறீங்க."

* ஒரு நடனம்தான் என்றார்கள். அப்படி எந்தச் சங்கத்திலும் நடந்ததில்லை.

4

முடிவுகள்.

அ) எல்லோரும் கை தூக்குகிறார்கள், மசோதா நிறைவேறுகிறது, சந்தானம் வெளியே வருகிறான். எழுதிவிட்டு அழித்தேன். காப்பெல் மண்டபத்திலிருந்து அந்தச் சிறைக்கு அவ்வளவு நேரான ஃப்ரீவே கிடையாது.

ஆ) யாரோ "லஞ்ச் ரெடி" என்கிறார்கள், மண்டபம் காலி. இதுதான் நடக்கக்கூடியது. எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான்.

இ) நஞ்சுண்டன் மனம் திருந்தி—

"சார், கொஞ்சம் நிறுத்துங்க." இது காமாக்ஷி. "எல்லா முடிவையும் நீங்களே எடுக்குறீங்க. உங்கள யாரு எலெக்ட் பண்ணினா?"

முதல் வரியிலிருந்து இந்த நாற்காலியில் நானும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். நிலைமை சீரானதும் எழுந்திருக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

5

எழுந்துவிட்டேன். எழுவதற்கு முன் ஒரே ஒரு வரி எழுதினேன், நஞ்சுண்டனுக்காக. அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, தொண்டையைச் செருமி, "ஆதரிக்கிறவங்க... கை தூக்குங்க" என்றார்.

பாதிப் பேர் கையில் ஏற்கெனவே பேப்பர் தட்டு இருந்தது. தட்டை எங்கே வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தார்கள். நஞ்சுண்டன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காமாக்ஷியின் கை மட்டும் மேலே இருந்தது.

மாளவிகா ஒன்று என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். மண்டபத்தில் இருப்பவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. நீங்களும் இவ்வளவு நேரம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தைப் பிடிக்க ஒரு கை போதும், இன்னொன்று சும்மாதான் இருக்கிறது.

கொஞ்சம் சீக்கிரம். காமாக்ஷிக்குக் கை வலிக்கிறது.