சண்டியும் கடுகும்

விமானப்படைத் தளத்தில் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம், வாய் காரம். அவள் ஓட்டிய இரட்டை இருக்கை ஜெட் விமானத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: சண்டி. மற்ற விமானங்கள் சொன்ன பேச்சைக் கேட்கும். சண்டி கேட்டுவிட்டு யோசிக்கும்.

போன வாரம் சண்டியின் எஞ்சின் நடுவானில் அணைந்துபோனது. கடுகு தனியாக இருந்தாள். விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றி, எஞ்சினை மறுபடி பற்றவைத்து, பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினாள். மெக்கானிக்குகள் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் சமர்த்துப் பிள்ளையாக ஓடியது.

"த்ராட்டில் கைப்பிடியை முழுக்கப் பின்னால இழுத்து நீயே எரிபொருளை நிறுத்தியிருக்க," என்றார் கமாண்டர். "சின்னக் கை, தடுமாறியிருக்கும். ஒத்துக்கோ, எச்சரிக்கையோட விட்டுடறேன். இல்லன்னா நீ இனிமே தரையிலதான்."

"நான் நிறுத்தல சார். குளிர்ல ரொம்ப நேரம் பறந்துட்டு, இடப்பக்கம் சட்டுனு சாய்ச்சா அது அணையுது. வலப்பக்கம் சாய்ச்சா ஒண்ணும் ஆகல."

"எஞ்சினுக்கு இடது வலதெல்லாம் தெரியுமாக்கும்!"

அறையிலிருந்த விமானிகள் சிரித்தார்கள். கடுகு சிரிக்கவில்லை.

வீட்டில் கணவன் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டான். "தெரியாம நடந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன குறைஞ்சா போயிடுவ?"

"நான் குறையறது இருக்கட்டும். நாளைக்கு அதே சண்டியில வேற ஒருத்தன் ஏறுவான். தாழப் பறக்கும்போது அணைஞ்சா அவன் வீட்டுக்கு யார் போய் பதில் சொல்றது?"

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "சரி, சண்டை போடறதுதான்னு ஆயிடுச்சு. வெறும் வயித்தோட போடாத. வா, சாப்பிடு."

மறுநாள் காலை எல்லா விமானிகளும் கூடியிருந்தபோது அவள் எழுந்து நின்றாள். "சார், பின்சீட்ல நீங்க உக்காருங்க. ஓடுதளத்துக்கு நேர் மேல, நல்ல உயரத்துல செஞ்சு காட்டறேன். ரெண்டு சீட் த்ராட்டிலும் ஒண்ணாத்தான் நகரும். நீங்களே பிடிச்சுக்கோங்க. நான் பின்னால இழுத்தா உங்க கைக்குத் தெரியும். எஞ்சின் அணையலன்னா, நானே வேலையை விட்டுடறேன்."

அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. விமானத்தில் கோளாறே இல்லை என்று உறுதியாக நம்பியவருக்கு மறுக்கத் தேவையும் இல்லை.

மேலே வானம் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. எரிபொருள் நன்றாகக் குளிரட்டும் என்று கடுகு வெகுநேரம் வட்டமடித்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா? எனக்கு வேற வேலையும் இருக்கு."

"கையை எடுத்துடாதீங்க சார். இதோ."

இடப்பக்கம் சட்டென்று சாய்த்தாள். எஞ்சின் ஒருமுறை இருமியது. பிறகு சத்தமே இல்லை. காற்று உரசும் ஓசை மட்டும்.

பதறிப்போன கமாண்டர் த்ராட்டிலை முன்னால் தள்ளினார்.

"கையை எடுங்க சார்! எரிபொருள் அதிகமாக் கொட்டினா எஞ்சின் பத்திக்காது!"

"ஏய், நான் கமாண்டர்..."

"கீழ இறங்கினதும் கமாண்டர். இப்ப கையை எடுங்க!"

த்ராட்டிலைப் பின்னுக்கு வெடுக்கென்று இழுத்தாள். அவர் கை நழுவியது. மூக்கைத் தாழ்த்தினாள். பற்றவைக்கும் பொத்தானை அழுத்தினாள். பற்றவில்லை. மறுபடியும் அழுத்தினாள். சண்டி மசியவில்லை. போன வாரம் பற்றிக்கொண்டது இந்த முறை கைவிரித்துவிட்டது.

"குதிச்சிடலாம்," என்றார் கமாண்டர்.

"குதிச்சா இது ஊர் மேல போய் விழும். ஓடுதளம் எட்டற தூரத்துலதான் இருக்கு. இறக்கறேன்."

எஞ்சின் இல்லாத விமானத்துக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. உயரத்தைச் சிக்கனமாகச் செலவழித்து வளைந்து வளைந்து இறங்கினாள். எஞ்சின் ஓடாமல், சக்கரத்தை இறக்கும் எண்ணெய் அழுத்தம் போதாததால், அவசரக் கைப்பிடியை உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு இழுத்தாள். சக்கரங்கள் இறங்கியதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில் இரண்டு எரிந்தன. மூன்றாவது எரிவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. சக்கரம் தரையைத் தொட்டு, சத்தமில்லாமல் உருண்டு, ஓடுதளத்தின் கடைசியில் நின்றது.

ஓடிவந்த மெக்கானிக்குகளிடம் கமாண்டர் சொன்ன முதல் வார்த்தை, "எரிபொருள் பம்பைக் கழட்டுங்க. இந்த ரக விமானம் எதுவும் பறக்கக் கூடாது."

பம்புக்குள் குளிரில் இறுகும் வால்வு ஒன்று அன்றே அகப்பட்டது. இடப்பக்கம் சாய்ந்தால் எரிபொருளை அடைத்துக்கொள்ளும் வால்வு. அதே ரகத்தில் இன்னும் இரண்டு விமானங்களிலும் அதே கோளாறு இருந்தது.

மாலையில் கமாண்டர் அவளைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை அவர். "கோளாறு விமானத்துலதான். ஆனா நீ எனக்கே உத்தரவு போட்ட. அதை நான் மேலிடத்துக்குச் சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லுங்க சார். எஞ்சின் அணைஞ்சப்ப த்ராட்டில் உங்க கையில இருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்க."

அவர் தலையசைத்தார். மேலிடத்தில் இரண்டையும் சொன்னார். அந்த மட்டில் நேர்மையான மனுஷன். கடுகுக்கு ஒரு கண்டிப்பு வந்தது. வாங்கிக்கொண்டு, விறைப்பாக சல்யூட் அடித்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, புது பம்ப் மாட்டிய சண்டியை நோக்கி நடந்தாள்.