மச்சினன் பிடித்த கயிறு

மலைப்பாதை வளைவில் ஒரு கடை. ஓசி என்றால் வாய் ஓயாத என் மச்சினன், அங்கிருந்த அக்ரூட் பருப்பை மென்றுகொண்டே தேன் பாட்டிலை ஆட்டிப் பார்த்தான்.

"வெறும் சர்க்கரைப்பாகுதானே?"

"பாறைத் தேனுங்க," என்றாள் கடைக்காரப் பெண். "என் வீட்டுக்காரர் செங்குத்துப் பாறையில தொங்கி எடுத்தது. மேல நின்னு கயித்தைப் பிடிக்கிறது பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன்தான். அக்கா வாழ்க்கையாச்சே, விடமாட்டான்ல?"

"எனக்கு வாய்ச்சவன் பையைக்கூடப் பிடிக்க மாட்டான்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னும் ரெண்டு பாட்டில் குடும்மா," என்றேன்.

"இதாங்க கடைசி. போன மழையில அவருக்குக் கால் வழுக்கிருச்சு. என் தம்பி கயித்தை விடவே இல்லைங்க. அதான் ரெண்டு பேருமே போயிட்டாங்க."