ஐம்பதாவது பறவை

நிச்சயம் முடிந்த எட்டு மாதத்தில் நாங்கள் சேர்ந்து பார்த்த சினிமா இரண்டே இரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஏரியை ஒட்டிய பூங்காவில், தண்ணீரைப் பார்த்துப் போட்டிருக்கும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பறவைகளைக் கணக்கெடுப்போம். எங்கள் பொழுதுபோக்கு, ஊர்சுற்றல், காதல் எல்லாம் அதுதான். அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை.

"கல்யாணத்துக்கு அப்புறம் பேச விஷயம் இருக்காதுன்னு இப்பவே பேசாம உக்காந்து பழகுறீங்களா?" என்பாள்.

பேசாமல் உட்காருவது நான் போட்ட சட்டம். "அதோ!" என்று கத்தினால் பறவை பறந்துவிடும். அதனால் சத்தம் கேட்டதும் வாயைத் திறக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்க வேண்டும். கண்ணில் பட்டாலும் அப்படியே. இரண்டு பேர் விரலும் எழுந்தால்தான் அது நோட்டில் ஏறும். ஒருவர் மட்டும் கேட்டது செல்லாது. நான் எதிலும் கறார் பேர்வழி. கோபமும் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும்.

அந்தச் சட்டத்தை நான் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்தேன். காது ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். "எவ்வளவு சின்ன சத்தமா இருந்தாலும் சரி, கேட்டா உடனே அமுத்துங்க" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வேன்.

அவனைச் சந்தித்ததும் அந்த அறையால்தான். அதன் கதவு தொங்கிப்போய், வராந்தாவில் நடக்கிற பேச்செல்லாம் உள்ளே வந்துகொண்டிருந்தது. மரப் பட்டறையிலிருந்து ஓர் ஆள் வந்தான். தலைமுடியெல்லாம் மரத்தூள். இரண்டு நாள் இழைத்து, உள்பக்கம் மெத்தை வைத்து, கதவை மாட்டிவிட்டு உள்ளே போய் மூடிக்கொண்டு நின்றான். வெளியே வந்து, "என் மூச்சுச் சத்தமே எனக்குக் கேக்குது, பட்டன் மேடம்" என்றான். அன்றிலிருந்து நான் பட்டன் மேடம், அவன் மரத்தூள்.

நிச்சயத்துக்கு அவன் எனக்குக் கொடுத்தது ஒரு நோட்டு. இரண்டு பக்கமும் மெல்லிய மரப்பலகையில் அட்டை, அவனே செய்தது. நான் அவனுக்குக் கொடுத்தது, மரம் அறுக்கும் மெஷின் முன்னால் நிற்கும்போது காதை மூடிக்கொள்கிற கவசம். "எல்லாரும் வாட்ச் வாங்கித் தருவாங்க, நீ கடிவாளம் வாங்கித் தர்றியா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பதினேழு வயதிலிருந்து பன்னிரண்டு வருஷமாக அவன் அந்த மெஷின்களோடு நிற்கிறான். இனிமேலாவது காதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஒரு தடவை வந்து டெஸ்ட் எடுத்துக்கொள் என்று கூப்பிட்டபோதெல்லாம், "என் காதுக்கு என்ன? நீ திட்டுறது ஒரு வார்த்தை விடாம கேக்குது" என்று நழுவிவிடுவான்.

நோட்டில் நாற்பத்தொன்பது ஏறியபின் மூன்று வாரம் ஒன்றும் புதிதாக வரவில்லை. நான்காவது வாரம், பெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் பெரிய மரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மிகவும் மெல்லியது. நாலு தடவை, அப்புறம் நிசப்தம், மறுபடி நாலு தடவை. என் விரல் எழுந்தது. கண் சிமிட்டும் நேரத்தில் அவன் விரலும் எழுந்தது. இலைக்குள் தேடித் தேடிப் பார்த்தும் ஆள் அகப்படவில்லை. குரல் மெலிவாக இருந்ததால் 'ஊசி' என்று நாங்களே பெயர் வைத்தோம்.

ஐம்பதாவது பறவைக்குக் கேக் வெட்டினோம். ஐம்பது என்று எழுதச் சொன்னபோது, "யாருக்குங்க பிறந்தநாள், அப்பாவுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஊசிக்கு" என்றேன். அன்று சமையலறையில் மிக்ஸியை ஓடவிட்டபடியே அம்மா அவனிடம் இன்னொரு துண்டு வேண்டுமா என்று கேட்டாள். அவன் சிரித்தான். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்றாள். அதற்கும் சிரித்தான். "எதுக்கெடுத்தாலும் சிரிப்புதான், தங்கமான மாப்பிள்ளை" என்று அவன் போனபிறகு சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். நானும் பூரித்துப்போனேன்.

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெஞ்சில் என் மணிக்கட்டில் ஓர் எறும்பு ஏறியது. அதை உதறக் கையைத் தூக்கினேன். ஆள்காட்டி விரல் தானாக நீண்டிருந்திருக்க வேண்டும்.

பக்கத்தில் அவன் விரல் எழுந்தது.

ஏரியில் காற்றுகூட இல்லை. எந்த மரத்திலும் எந்தச் சத்தமும் இல்லை. "ஊசிதானே?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்க முடியாது, என் பிழைப்பே அதுதான். சோதனைக்கு வருகிறவர்களில் சிலர் சத்தத்தைக் கேட்டு பட்டனை அமுக்கமாட்டார்கள். ஜன்னல் வழியாக என் கையைப் பார்ப்பார்கள். கை அசைந்தால் அமுக்குவார்கள். அப்படிப்பட்டவர்களை நாற்காலியைத் திருப்பி, முதுகைக் காட்டி உட்காரவைப்போம். எட்டு மாதமாக, இந்தச் சங்கதி எல்லாம் தெரிந்த நான், என் விரல் அவன் கண்ணில் படும்படி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காதால் மட்டும் கேட்ட பறவைகளுக்கு அவன் விரல் எப்போதும் என் விரலுக்குப் பின்னால்தான் எழுந்திருக்கிறது. நான் அதை மனப்பொருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஒன்றும் கேட்காமலே, வேண்டுமென்று, இடைவெளி விட்டு மூன்று தடவை விரலைத் தூக்கினேன். மூன்று தடவையும் அவன் தூக்கினான். தலைவலி என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு எழுதியவற்றை எண்ணினேன். பதினொன்று. பதினொன்றும் பொய். பக்கத்துக்குப் பக்கம் அவனுடைய அழகான கையெழுத்தில் பொய். கேக் வெட்டியதும் அதில்தான் சேர்த்தி. காது மந்தமானவர்களோடு நான் ஆறு வருஷமாகப் பழகுகிறேன், அதற்காக யாரையும் நான் குறைவாக நினைத்ததில்லை. என்னை ஏமாற்றினான் என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இதை மறைத்தவன் இன்னும் எதையெல்லாம் மறைப்பான்? கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். மூன்று நாள் அவன் கூப்பிட்டபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சண்டையா?" என்று மட்டும் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். "அப்ப பெருசுதான்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை மதியம், ஆஸ்பத்திரியில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அவனே வந்தான். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தான், புருவத்தில்கூட மரத்தூள். சோதனை அறை வாசலில் நின்றான். நான் எழுந்திருக்கவில்லை.

"மூணு தடவ சும்மா தூக்கினேன். மூணு தடவையும் தூக்கின" என்றேன்.

"தெரியும். நீ வேணும்னே தூக்குறேன்னு ரெண்டாவது தடவையே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்கு மூணாவது தடவ தூக்கின?"

"தூக்கலன்னா எல்லாம் முடிஞ்சிடும்னு பயம்."

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வருஷத்துக்கு மேல. ஒரு நாள் காலைல அலாரம் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. அப்பா பக்கத்து ரூம்லேர்ந்து வந்து நிறுத்தினாரு. நான் அதுக்குப் பக்கத்துலயே முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்தேன்."

"நிச்சயத்துக்கு முன்னாடியே தெரியும். என்கிட்ட சொல்லல. காது பார்க்கிறவகிட்டயே சொல்லல!" என் குரல் வராந்தாவரைக்கும் போயிருக்கும். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "மொத ஞாயித்துக்கிழமை நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான்.

"என்ன சொன்னேன்?"

"பெஞ்சுல உக்காந்ததும் காலை நீட்டிக்கிட்டு சொன்னே. 'வாரம் பூரா காது கேக்காதவங்ககிட்ட கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது காது நல்லா கேக்குற ஒருத்தர் பக்கத்துல பேசாம உக்காரணும்'னு. நான் அன்னிக்கு சொல்லணும்னுதான் வந்தேன். நீ அதைச் சொல்லி முடிச்சதும் விரலைத் தூக்கினே. நானும் தூக்கிட்டேன்."

சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே, யோசிக்காமல், சொல்லியிருக்கிறேன். கோபம் முழுதாகப் போகவில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

"டெஸ்ட் பண்ணு, இப்பவே" என்றான்.

அவன் செய்த கதவை அவனே திறந்து உள்ளே போனான். நாற்காலியை அவனாகவே திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பட்டன் பிடித்த கை ஜன்னலுக்குத் தெரியும்படி நாற்காலியின் கைப்பிடிமேல் இருந்தது.

தாழ்ந்த சுருதிச் சத்தங்களுக்கு உடனே அமுக்கினான். அதனால்தான் காகமும் புறாவும் மரங்கொத்தியும் அவனுக்குக் கேட்டிருக்கின்றன, என் பேச்சும் கேட்டிருக்கிறது. நடு சுருதிக்குக் கொஞ்சம் தாமதம். அதற்கு மேலே, சின்னப் பறவைகள் கீச்சிடுகிற சுருதிக்கு வந்தபோது, கட்டைவிரல் அசையவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பட்டன்மேல் விரல் சும்மா கிடந்தது. ஊகித்து ஒரு தடவை அமுக்கியிருக்கலாம். பலர் அமுக்குவார்கள். அவன் அமுக்கவில்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக, கேட்காததைக் கேட்கவில்லை என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முதுகுப்பக்கம் உட்கார்ந்து நான் அழுதேன்.

டெஸ்ட் தாளில் கேட்கும் அளவைக் காட்டும் கோடு இடமிருந்து நேராக வந்து, வலது பக்கம் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. மெஷின் சத்தத்தில் போன காதுக்கு எப்போதும் இந்தக் கோடுதான். வெளியே வந்து அதைப் பார்த்தான்.

"திரும்பி வருமா?"

"வராது."

"இன்னும் போகுமா?"

"காதை மூடாம மெஷின்கிட்ட நின்னா போகும்."

"நீ குடுத்ததை ஒரு நாள்கூட மாட்டாம நின்னதில்ல" என்றான். அது உண்மை என்று எனக்குத் தெரியும். என் பரிசு கொஞ்சம் பிந்திப்போய் வந்திருந்தது, அவ்வளவுதான். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், காது மெஷின் வைத்தால் பேச்சு தெளிவாகும் என்று சொன்னேன். மற்றவர்களுக்குச் சொல்வதுபோல எல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

நான் வீட்டிலிருந்து கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்த நோட்டை அவன் எடுத்தான். காதில் செருகியிருந்த பென்சிலால் பதினொன்றையும் ஒவ்வொன்றாக அடித்தான். எதை எதை அடிக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசியாக ஊசி. முப்பத்தொன்பது மிச்சம்.

"ஞாயித்துக்கிழமை வருவியா?"

"தெரியாது" என்றேன். அப்போது உண்மையாகவே தெரியாது.

போனேன். அவன் எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தான். நான் மறுகோடியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அவன் அதைக் கவனித்தான். சிட்டுக்குருவிகள் கூப்பிட்டன. மீன்கொத்தி ஒன்று தண்ணீரில் விழுந்து எழுந்து போனது. அரைமணி நேரம் இப்படியே போயிற்று. அப்புறம் பின்னாலிருந்து அந்த மெல்லிய குரல் வந்தது.

என் சட்டத்தை நானே உடைத்தேன். "கூப்பிடுது" என்றேன்.

"எங்க?"

"பெரிய மரம். வலது பக்கம். மேல."

அவன் எழுந்து மரத்தடிக்குப் போய் அண்ணாந்து நின்றான். பலகையில் மயிரிழை கோணல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அவனுக்கு. இத்தனை நாளும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளும் கவலையில், என் விரலைத் தவிர எதையும் அவன் சரியாகப் பார்த்திருக்கமாட்டான். நான் பெஞ்சிலிருந்தே திசை சொன்னேன். இன்னும் இடது. இன்னும் கீழே. அந்தக் கிளைக்குப் பின்னால். கழுத்து வலிக்கும்வரை நின்றான்.

அப்புறம் அசையாமல் நின்றுவிட்டான்.

"வாய் திறக்குது" என்றான்.

"பாத்துட்டியா?"

"கட்டைவிரல் அளவுதான் இருக்கு. சாம்பல் கலர். வாய் திறக்குது, எனக்கு ஒண்ணும் கேக்கல." கையை அசைத்து என்னைத் தடுத்தான். "நீ சொல்லாத. அது எப்ப கூப்பிடுதுன்னு இப்ப நான் சொல்றேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நிசப்தம். அவனும் பேசவில்லை. நீண்ட நேரம் அவன் ஒன்றுமே சொல்லவில்லை, அங்கே சத்தம் ஒன்றும் இல்லாததால். பிறகு ஊசி கூப்பிட்டது, அதே நொடியில் அவன் குரல்: "இப்போ." மறுபடி, "இப்போ." மூன்று. நான்கு. நாலும் துல்லியம். அதன்பின் மறுபடி நிசப்தம், அவனும் நிசப்தம். இந்த மனுஷனை நான் விடப்போவதில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. இன்னும் எவ்வளவோ அவன் காதிலிருந்து போகும் என்பதும் தெரிந்தது.

கண்ணைத் திறந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. மரத்தையே பார்த்தபடி விரலைத் தூக்கி நின்றிருந்தான். நான் கையை வெளியே எடுத்து என் விரலைத் தூக்கினேன்.